இடர் மதிப்புக் கல்வியும் கல்வராயன் மலையும்

கல்லூரிப் பட்டம் பெற்று வெளியேறுவோர் இந்நாளில் அப்பட்டத்தோடு அமைவதில்லை. உத்தியோகச் சந்தையில் விலைபோகும் வேறு சான்றிதழ்களையும் நாடுகின்றனர். அவற்றுள் ஒன்று, திட்டப் பணிகளில் நேரக்கூடிய இடர்களை மதிப்பிட்டு ஆளும் திறத்திற்குத் தரப்படுவது. 1969ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய பிராஜெக்ட் மானேஜ்மெண்ட் இன்ஸ்டிட்யூட் என்னும் கழகம் இதனை 2008 முதல் வழங்கி வருகின்றது. பட்டதாரியாயின் இத்துறையில் ஈராண்டு அனுபவமும் முப்பது மணி நேரப் பயிற்சியும் வேண்டும். பரீட்சையில் 115 வினாக்கள். காலம் இரண்டரை மணி.

இக்கல்வியின் சாரம் எளியது. பணி தொடங்குமுன் இன்னின்ன இடையூறு வரலாம் என்று ஒரு பதிவேட்டில் எழுதுக. ஒவ்வொன்றும் நேர்தற்குரிய வாய்ப்பையும், நேரின் விளையும் கேட்டின் அளவையும் மதிப்பிடுக. பின்னர் அதனை விலக்குவதோ, குறைப்பதோ, பிறர்பால் மாற்றுவதோ, அறிந்தே ஏற்பதோ எனத் துணிக. அதற்குப் பொறுப்பாளி இன்னார் என்று பெயர் குறிக்க. இஃது மேனாட்டுப் புதுமை என்பாருடன் யாம் உடன்படோம். திருக்குறளில் தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என நான்கு அதிகாரங்கள் அடுத்தடுத்து நிற்றலைத் தமிழ் மாணவர் அனைவரும் அறிவர். ஒன்று மட்டும் சொல்லுவோம்: இந்நூலார் கூறும் பொருளுக்கு ‘ஆபத்து’ என்னும் சொல் பொருந்தாது. வருமோ வாராதோ என ஐயுறத்தக்கதே இங்குக் கருதப்படுவது. நன்மையாய் முடியும் ஐயப்பாட்டையும் அவர் இதனுள் அடக்குவர். ‘இடர்’ என்பதும் முற்றும் நிரம்பிய சொல்லன்று. எனினும் வேறு நற்சொல் கிடைக்குங்காறும் அதுவே போதும்.

கல்வி நன்று, அது கற்பிக்கப்படும் முறையே நமக்கு உடன்பாடன்று. சென்னையிலும் பெங்களூரிலும் குளிரறைகளில் இருந்து, கணினி நிறுவனங்களின் உதாரணங்களைக் கேட்டு, வினா விடைகளை நெட்டுருச் செய்வதே பெரும்பாலும் பயிற்சியாகின்றது. பரீட்சையோ தமிழில் இல்லை. இடர் என்பதை நாள்தோறும் கண்ணாற் காண்பவருக்கு இக்கல்வி எட்டுவதே இல்லை.

கல்வராயன் மலையை நோக்குக. 2019ஆம் ஆண்டு விழுப்புரத்தினின்று பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் மேல்பால் நிற்பது அம்மலை. 1976 வரை மூன்று ஜாகீர்தாரரின் ஆளுகையிற் கிடந்த நாடு அது. கள்ளக்குறிச்சியிற் கள்ளச்சாராயத்தால் அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்ட 2024ஆம் ஆண்டில், சென்னை உயர்நீதிமன்றம் தானே முன்வந்து அம்மலை மக்களின் சாலை முதலிய குறைகளை வழக்காக எடுத்துக்கொண்டது. ஆகவே அங்கே பாதைகளும் பாலங்களும் இனிப் பெருகுதல் வேண்டும். ஆனால் சித்திரையில் மலையேறும் பொறியாளர் காண்பது வறண்ட ஓடையை. ஐப்பசி மழையில் அவ்வோடை எந்தப் பாறை வரை ஏறும் என்பதை அறிந்தவர் அங்குள்ள மலையாளி முதியவரே. அம்முதியவரின் சொல் எந்தப் பதிவேட்டில் ஏறுகின்றது?

அண்மையில் நிகழ்ந்த ஒன்றைக் காட்டுவோம். திருவண்ணாமலை மாவட்டத்தில், சாத்தனூர் அணைக்குக் கீழே, அகரம்பள்ளிப்பட்டையும் தொண்டமானூரையும் இணைக்கத் தென்பெண்ணையின்மேல் சுமார் 16 கோடி ரூபாய்ச் செலவில் எழுந்த பாலம் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்டது. ஃபெஞ்சல் புயல் மழையால் அணையினின்று வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் விடப்பட, டிசம்பர் 2ஆம் நாள் அப்பாலம் அடித்துச் செல்லப்பட்டது. அவ்வெள்ளமே கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூர் வழியே கடலுக்குச் சென்றது. அப்பாலம் சுமார் 54,000 கன அடி நீருக்கே வகுக்கப்பட்டது என்றும், வெள்ளம் கணக்கை மீறியது என்றும் விடை கூறப்பட்டது. விடையை முற்றும் தள்ளுவதற்கில்லை. எல்லா வெள்ளத்திற்கும் பாலம் கட்டப் புகின் ஒரு பாலமும் கட்டி முடியாது. ஆயினும் மேலே ஓர் அணையிருக்க, அது திறக்கப்படும் நாளை எண்ணாது விடுதல் எங்ஙனம்? எண்ணியே ஏற்றனராயின் ஏற்றவர் யார்? வெள்ளம் மிகுமுன் கரையோர மக்களை எச்சரிக்கும் வழி என்ன? இவ்வினாக்களே மேற்கூறிய கல்வியின் உயிர்நிலை.

‘பிறர்பால் மாற்றுதல்’ என்னும் உபாயத்தையும் சிறிது ஆராய்தல் தகும். நூல்கள் இதற்குக் காட்டுவது இன்ஷூரன்ஸும் ஒப்பந்தமும். ஒப்பந்தக்காரர் தம் நட்டத்தை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றிவிடலாம். தரைப்பாலம் மூழ்கினால் மலையூர்ப் பெண்ணொருத்தியின் பிரசவ வேதனையை மாற்றிக்கொள்வார் யார்? அவளைத் தூளி கட்டிச் சுமக்கும் நால்வரே. பதிவேட்டில் எழுதப்படாத இடர் அழிவதில்லை. ஏழை தலையில் இறங்குகின்றது. இதனை எப்பயிற்சி வகுப்பிலும் உரக்கச் சொல்லக் காணோம்.

ஆதலின் நாம் வேண்டுவது இது. சான்றிதழ் பெற விழைவார் பெறுக. அயல்நாட்டு வேலைக்கு அது உதவும். அதனோடு, அந்த முப்பது மணிப் பாடத்தை நம் கல்லூரிகள் தமிழில் அமைத்து, ஊராட்சிச் செயலர், சாலை மேற்பார்வையாளர், மேஸ்திரி, மரவள்ளி ஏற்றும் லாரி ஓட்டுநர் ஆகியோரையும் நம் மாணவரோடு ஒரு பலகையில் அமர்த்துதல் வேண்டும். கட்டணம் வேண்டா, சான்றிதழும் வேண்டா. வகுப்பை வெள்ளிமலையிலேயே நடத்தலாம். பாதி மணிநேரத்தைச் சித்திரையில் உலர்ந்த ஓடைகளின் வழியே முதியவரோடு நடந்து செலவிட்டு, எஞ்சிய பாதியை ஐப்பசிக்கு ஒதுக்கி, எழுதிய பதிவேட்டை அதே ஓடைக்கரையில் நின்று ஒப்பிட்டுப் பார்க்கலாம்.