வண்டி எவ்வாறு நகர்கிறது?



சென்ற ஐப்பசி மழையில் திருச்சுழிக்கு அருகே ஓர் இல்லத்தில் நாம் ஓரிரவு தங்க நேர்ந்தது. அவ்வீட்டுச் சிறுமி பத்தாம் வகுப்பு அறிவியல் நூலின் முதற்பாடமாகிய இயக்க விதிகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மூன்றாம் விதிக்கு வந்ததும் நிறுத்திவிட்டாள்.

“மாடு வண்டியை இழுக்கும் அளவுக்கே வண்டியும் மாட்டைப் பின்னால் இழுக்கிறதாம். அப்படியானால் வண்டி எப்படி நகரும்?”

வகுப்பில் கேட்டாளாம், தேர்வுக்கு வராது என்று உட்கார வைத்துவிட்டார்களாம்.

கேள்வியோ மிகச் சரியானது. 1687-இல் நியூட்டன் தம் விதிகளை இலத்தீனில் வெளியிட்டபோது, மூன்றாம் விதிக்கு அவரே காட்டிய சான்றுகளுள் ஒன்று, கயிற்றில் கட்டிய கல்லை இழுக்கும் குதிரை. நம் ஊர் மாட்டுவண்டிக்கும் அதற்கும் வேறுபாடு இல்லை.

விடை, திண்ணையில் படுத்திருந்த தாத்தாவிடமிருந்து வந்தது. “மழை பெய்த கரிசல்ல வண்டி ஓட்டினவனைக் கேளு தாயீ. மாட்டுக்கு அன்னைக்கும் அதே பலம்தான். குளம்பு வழுக்கும். மண்ணு பிடி கொடுத்தாத்தான் மாடு நடக்கும்.”

அவர் பள்ளிக்குச் சென்றவரல்லர். ஆயினும் பாடத்தின் உயிர்நிலை அதுவே. விசையும் எதிர்விசையும் ஒரே பொருளின்மீது செயற்படுவதில்லை. ஒன்று வண்டியின்மீது, மற்றது மாட்டின்மீது. ஆதலின் அவை ஒன்றையொன்று அழித்துக்கொள்வதில்லை. இதுவும் பாடநூலில் உள்ளதே. மனப்பாடம் செய்யும் அவசரத்தில் பிள்ளைகள் விழுங்கிவிடும் பகுதி இது.

வண்டியின் கணக்கைத் தனியே பார்ப்போம். பாரத்துடன் 1000 கிலோ என்று கொள்வோம். மாடுகள் 800 நியூட்டன் விசையுடன் இழுக்க, சக்கரத்தை மண் 700 நியூட்டன் தடுத்தால், எஞ்சுவது 100. பத்து வினாடியில் வண்டி வினாடிக்கு 1 மீட்டர் வேகம் பெறும். மாட்டின் கணக்கு வேறு: குளம்பு நிலத்தைப் பின்னே தள்ளுகிறது, நிலம் மாட்டை முன்னே தள்ளுகிறது. நனைந்த கரிசல் குளம்பை வழுக்கவும் விடுகிறது, சக்கரத்தில் அப்பிக்கொள்ளவும் செய்கிறது. இரு கணக்கிலும் நட்டம்!

“எங்களுக்குப் படிப்பில்லையே” என்று பிள்ளையின் நூலைவிட்டு ஒதுங்கும் பெற்றோரை அருப்புக்கோட்டை நெசவாளர் தெருக்களிலும் கண்டிருக்கிறோம். குழித்தறியில் கயிற்றைச் சுண்டியபின் கை இழுப்பதில்லை. நாடா மட்டும் மறுகோடி வரை ஓடுகிறதே, அது முதல் விதியன்றோ? (விசைத்தறி என்ற சொல்லில் உள்ள ‘விசை’யைப் பாடநூல் ‘திறன்’ என்று கூறும். அக்குழப்பத்தைப் பிறிதொரு திங்களில் பார்ப்போம்.)

மறுநாட்காலை சிறுமி ஒரு குதிரைவாலி மூட்டைக்குக் கயிறு கட்டினாள். உலர்ந்த தாழ்வாரத்தில் நின்று இழுத்தாள், மூட்டை நகர்ந்தது. தான் நிற்குமிடத்தில் மட்டும் நீரை ஊற்றி மீண்டும் இழுத்தாள். மூட்டை அசையவில்லை; அவளே மூட்டையை நோக்கிச் சறுக்கினாள். சாக்குக் கிழிந்துவிடும் என்று தாயார் அடுக்களையிலிருந்து சத்தமிட, அவள் மூன்றாம் முறைக்கு ஆயத்தமானாள்.