'கோல் எடுக்கிறேன்' எண்டா யார் எடுக்கிறது?

சாகாமத்தில எங்கட கூட்டாளி ஒருவன் பயிற்சி வேலை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தான். 'வீ வில் டேக் எ கோல் பை ஃப்ரைடே' எண்டு பதில் வந்தது. வெள்ளி வரைக்கும் போனைக் கையை விட்டு வைக்கவில்லை, சிக்னல் போகுமெண்டு வயலுக்கும் போகவில்லை. கோல் வரவேயில்லை. திங்கட்கிழமை மின்னஞ்சலைத் திறந்தால், வேலை கிடைத்திருக்கிறது; ஒப்புக்கொள்ள வேண்டிய நேரமும் முடிந்திருக்கிறது.

எழுதியவர் இந்தியர். அங்கே 'டேக் எ கோல்' என்றால் முடிவெடுப்பது. புத்தக இங்கிலீஷில் வருகிற அழைப்புக்குப் பதில் சொல்வது. எங்களுக்கோ, நாங்களே அழைப்பது! சிங்களத்திலும் 'கன்னவா' (எடுக்கிறது) தான், அதனால் இலங்கை முழுக்க இப்படித்தான் பேசுகிறோம். தமிழ்நாட்டுப் படத்தில் 'ஃபோன எடுடா' எண்டு கத்தினால் ஆன்சர் பண்ணச் சொல்கிறான். தமிழுக்குள்ளேயே தலைகீழ்.

'அவனுக்கு இங்கிலீஷ் தெரியாது' எண்டு சிரித்தவர்களோடுதான் எங்களுக்குக் கோபம். தெரியாமலா? எங்கட 'எடு' என்ன லேசான சொல்லா? பிள்ளை சோதனை எடுக்கும், சேர் வகுப்பு எடுப்பார், மருந்து எடுக்க டொக்டரிட்டப் போவோம், பசி தானாகவே எடுக்கும். நோன்பை மட்டும் எடுக்க மாட்டோம், பிடிப்போம். இதையெல்லாம் யாரும் எங்களுக்குப் பட்டியல் போட்டுப் படிப்பிக்கவில்லை.

இங்கிலீஷின் சின்ன வினைச்சொற்களும் இதே சாதிதான். ஒக்ஸ்போர்ட் அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு 'செட்' என்ற சொல்லுக்கு. பிறகு 'ரன்' 600க்கும் மேற்பட்ட அர்த்தங்களோடு அதை முந்திவிட்டது. மூன்றெழுத்துச் சொல்லுக்கு! ஆனால் நாங்க படித்தது 'டேக் ஒஃப்', 'டேக் ஆஃப்டர்' எண்டு கீறிட்ட இடம் நிரப்பத்தான். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் இஸட் புள்ளிக்குச் சேராது, எனவே அதையும் பலர் கவனிப்பதில்லை.

மைக்கேல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே ஓர் அகராதி வெளியிட்டார். அப்படியொன்றை மேசையில் வைத்து, எங்கட வழக்கு இது, டில்லியில் இது, லண்டனில் இது எண்டு ஒரு கிழமை படிப்பித்தால் போதும். பிழை எண்டு சிவப்பால் வெட்டினால், எதை எங்கே பேசுவதெண்டு எப்படித் தெரியும்?

கூட்டாளி இப்ப இன்னோர் இடத்துக்கு எழுதியிருக்கிறான். 'முடிவைப் போனில் சொல்வீங்களா, மெயிலிலா?' எண்டு கடைசி வரியில் கேட்டிருக்கிறான்.