புதுசு என்று சொல்லிப் பழசை மாட்டினால்…

வீட்டில் ஒரு மிஷின் நின்றுபோனால் நம் கை ஒடிந்த மாதிரி ஆகிவிடுகிறது. அந்த அவசரத்தில், ரிப்பேருக்கு வருகிறவரிடம் நாம் கேட்பது இரண்டே கேள்விதான். "எவ்வளவு ஆகும்? எப்போ சரியாகும்?" மாட்டப் போவது புதுசா பழசா என்று கேட்கத் தோன்றுவதில்லை. அப்படியே கேட்டாலும், "புதுசுதாம்மா, கம்பெனி அயிட்டம்" என்று ஒரு பதில் வரும். நாமும் தலையை ஆட்டிவிட்டுக் காபி கலக்க உள்ளே போய்விடுவோம்.

பழைய பாகம் போடுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை, சகோதரிகளே. பத்து வருஷ ஃபிரிட்ஜுக்குப் புது கம்ப்ரஸர் போடக் கையில் பணமில்லாமல், "பழசு இருந்தா போடுப்பா, பாதி விலைக்கு" என்று நாமே கேட்பதுண்டு. அது நாணயமான வியாபாரம். பழசை மாட்டிவிட்டுப் புதுசு என்று சொல்லி, புதுசுக்கு உண்டான பணத்தை வாங்குவதுதான் மோசடி. சட்டமும் அந்தப் பொய்யைத்தான் பிடிக்கிறது. பொய்யைப் பிடிக்க வேண்டுமானால் அது காகிதத்தில் இருக்க வேண்டும். வாயால் சொன்னது வாசற்படி தாண்டினால் காற்றோடு போச்சு.

இந்தப் பழைய பாகங்கள் எங்கிருந்து வருகின்றன என்று யோசித்ததுண்டா? எல்லாம் நம் வீடுகளிலிருந்துதான். "இந்தக் குப்பை உங்களுக்கு எதுக்கும்மா, நானே எடுத்துட்டுப் போயிடறேன்" என்று சாக்கில் போட்டுக்கொண்டு போகிறார்களே, அதுதான். கம்ப்ரஸரை அறுத்துத் திறந்து, உள்ளே மோட்டாருக்குக் காயில் சுற்றி, மறுபடி வெல்டிங் வைத்து மூடி, பளபளவென்று கறுப்புப் பெயின்ட் அடித்தால் பார்வைக்குப் புதுப்பெண்தான். உங்கள் வீட்டில் குப்பையாகப் போனது அடுத்த தெருவில் புதுசாக இறங்கும்.

தஞ்சாவூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். போன வருஷம் அக்னி நட்சத்திரம் ஆரம்பித்த வாரத்தில் அவர்கள் ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. மாவு புளித்தது, பால் திரிந்தது என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் மாமியாருக்குத் தினமும் இன்சுலின். திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் வைக்க வேண்டும். பாவம், ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் மருந்தை வைத்துவிட்டு, மணிக்கொரு தரம் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு ரிப்பேர் கம்பெனியிலிருந்து ஆள் வந்தார். "கம்ப்ரஸர் போயிடுச்சு, புதுசு போட்டு கேஸ் ஏத்தி 6,800 ரூபாய், ஒரு வருஷம் வாரண்டி" என்றார். மறுநாளே மாட்டியும் கொடுத்தார்.

நாத்தனார் ஒரு நல்ல காரியம் செய்தாள். பில்லில் 'கம்ப்ரஸர் மாற்றியது' என்று மொட்டையாக எழுதியிருந்ததைப் பார்த்து, "புதுசுன்னுதானே சொன்னீங்க, அதையும் எழுதிடுங்க தம்பி" என்று கேட்டு, 'புதியது, ஒரு வருட வாரண்டி' என்று எழுதி வாங்கிக்கொண்டாள். அந்த ஒரு சொல் எத்தனை பெறும் என்பது பிறகுதான் தெரிந்தது.

இருபத்து நாலாம் நாள் ஃபிரிட்ஜ் மறுபடி நின்றது. போன் செய்தால், "உங்க வீட்டு வோல்டேஜ் சரியில்லே, அதுக்கு வாரண்டி கிடையாது" என்று பதில். அந்தச் சமயம் பார்த்து நானும் இவரும் அங்கே போயிருந்தோம். தெருக்கோடியில் முப்பது வருஷமாகக் கடை வைத்திருக்கும் மெக்கானிக் பாயைக் கூப்பிட்டு, எதையும் கழற்றாமல் பார்க்கச் சொன்னோம். டார்ச் அடித்துப் பார்த்த உடனேயே சிரித்துவிட்டார்.

"அக்கா, இங்கே பாருங்க. புது கம்ப்ரஸர்ல செம்புக் குழாய் வாயில ரப்பர் மூடி போட்டு வரும். நாம பத்த வைக்கிறது ஒரே ஒரு தடவைதான். இதுல ஒவ்வொரு குழாய்லயும் ரெண்டு ரெண்டு ஒட்டு இருக்கு. இது ஏற்கெனவே ஒரு வீட்ல ஓடினது."

பெயின்ட் கம்பெனி லேபிள் மேலேயே ஏறியிருந்தது. காலுக்கு அடியில் இருந்த ரப்பர் வெடித்து எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. மேல் மூடியும் கீழ் மூடியும் சேரும் இடத்தில் வெல்டிங் கோணல்மாணலாக ஓடியது. எல்லாவற்றையும் முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டோம். பிறகு பாய் பஞ்சில் தின்னரை நனைத்து லேபிளை மெதுவாகத் துடைத்தார். தயாரித்த வருஷம் 2014 என்று தெரிந்தது! அவள் ஃபிரிட்ஜ் வாங்கியதே 2015-ல்தான். கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு அக்கா!

விஷயம் தெரிந்ததும் கம்பெனி ஆள் குழைந்துகொண்டு வந்தார். "கழட்டிக் கொடுங்க மேடம், ஒர்க்ஷாப்ல செக் பண்ணிட்டுச் சொல்றோம்" என்றார். இந்த இடம்தான் முக்கியம். அதைக் கழற்றிக் கொடுத்திருந்தால் சாட்சியம் சாக்குக்குள் போயிருக்கும். "பணம் வந்ததும் எடுத்துக்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டாள் நாத்தனார். சாது மாதிரி இருப்பவள், எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அன்று இரவே ஒரு பக்கத்தில் கடிதம் எழுதினோம். என்றைக்கு மாட்டினார்கள், எவ்வளவு வாங்கினார்கள், பில்லில் 'புதியது' என்று இருப்பது, லேபிளில் இருக்கும் வருஷம், பாய் பார்த்துச் சொன்னது, 15 நாளில் பணம் முழுவதும் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவோம் என்பது, அவ்வளவுதான். திட்டவில்லை, சாபமிடவில்லை. பாயும் தான் பார்த்ததைத் தன் கடை லெட்டர்பேடில் நாலு வரி எழ்திக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பில் நகல், படங்கள் எல்லாம் வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்தினாள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து, அவர்கள் தந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். பன்னிரண்டாம் நாள் 6,800 ரூபாயும் அவள் கணக்குக்கு வந்துவிட்டது. பாயிடமே நிஜமான புது கம்ப்ரஸர் போட்டுக்கொண்டார்கள். பெட்டியை இவள் கண் முன்னால்தான் பிரித்தார்.

எல்லோருக்கும் இப்படிக் கடிதத்தோடு முடிந்துவிடும் என்று சொல்ல மாட்டேன். 1915-ல் தமிழிலேயே பேசலாம், செலவில்லை. ஆனால் அவர்கள் தீர்ப்புச் சொல்கிறவர்கள் இல்லை. புகாரைக் கம்பெனிக்கு அனுப்பிச் சமரசத்துக்கு முயற்சி செய்வார்கள். கேட்காத கம்பெனிக்கு இருக்கவே இருக்கிறது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். பழைய பொருளை, புதுப்பித்த பொருளைப் புதுசென்று பொய் சொல்லி விற்பது நேர்மையற்ற வணிக முறை என்று 1986-ல் வந்த சட்டத்திலேயே இருந்தது. 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திலும் அது அப்படியே இருக்கிறது. பில் தர மறுப்பதையும் இந்தப் புதுச் சட்டம் நேர்மையற்ற வணிக முறையாகவே சொல்கிறது. ஆகவே "பில் வேணும்னா ஜி.எஸ்.டி. சேரும்மா" என்று பயமுறுத்தினால், "சேரட்டும்" என்று சொல்லிவிடுங்கள்.

கோர்ட் என்றதும் நமக்கு வயிற்றைக் கலக்கும். வக்கீல் கட்டாயமில்லை, நாமே மனு எழுதி வாதாடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணமும் இல்லை. நம் வீட்டு ரிப்பேர் எதுவும் அதைத் தாண்டப் போவதில்லை. கம்பெனியின் ஆபீஸ் டில்லியில் இருந்தாலும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். பழைய சட்டத்தில் இந்த வசதி கிடையாது. பணத்தைத் திரும்பக் கேட்பதோடு, நஷ்ட ஈடும் வழக்குச் செலவும் கேட்கலாம். விஷயம் நடந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கப் பார்க்க வேண்டும், சோதனைச் சாலைக்கு அனுப்புவதானால் ஐந்து மாதம் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் இழுக்கத்தான் செய்கிறது. அதனால்தான் முதல் கடிதத்தை ஒழுங்காக எழுத வேண்டும் என்கிறேன்.

ஃபிரிட்ஜை விட எனக்கு அதிகக் கவலை தருவது குடிதண்ணீர் மிஷின். கைக்குழந்தைக்குப் பால் கரைக்கும் தண்ணீர் அல்லவா! "மெம்பரேன் போயிடுச்சு" என்று சொல்லி, எங்கோ கழற்றியதை அலசி மாட்டிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். புது மெம்பரேன் ஒட்டிய பிளாஸ்டிக் உறைக்குள் வரும், சுத்தமாக வெள்ளையாக இருக்கும். முனையில் பழுப்புக் கறை இருந்தால் அது யாரோ குடித்த வீட்டுச் சொத்து. சில நூறு ரூபாய்க்கு டி.டி.எஸ். மீட்டர் கிடைக்கிறது. உள்ளே போகிற தண்ணீர் 1,000 காட்டினால், முதலில் வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் பார்க்கும்போது நல்ல மெம்பரேனில் வெளியே வருவது 100 பக்கமாக இருக்க வேண்டும். 500, 600 என்று காட்டினால் கேள்வி கேளுங்கள். உப்பைக் கூட்டிக் குறைக்கும் திருகு சில மிஷின்களில் உண்டு. அது திறந்திருந்தாலும் எண் ஏறும், ஆகவே மூடச் சொல்லிவிட்டுப் பாருங்கள். இந்த மீட்டர் உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாஷிங் மெஷின் போர்டு, மிக்ஸி மோட்டார், செல்போன் டிஸ்பிளே, இவற்றுக்கும் இதே கதைதான். பெட்டியை நம் கண் முன்னால் பிரிக்கச் சொல்லி, அதில் விலையும் தயாரித்த மாதமும் இருக்கிறதா என்று பார்த்து, அந்த அட்டைப் பெட்டியைப் பில்லோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று. செல்போனில் தேடிக் கிடைக்கும் 'கம்பெனி சர்வீஸ்' எண்கள் பல அந்தக் கம்பெனியுடையவே அல்ல. மிஷினோடு வந்த புத்தகத்திலும் வாரண்டி அட்டையிலும் உள்ள எண்ணுக்குத்தான் பேச வேண்டும்.

கழற்றிய பழைய பாகத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வாரண்டிக் காலத்தில் இலவசமாக மாற்றினால் கம்பெனி பழசை எடுத்துக்கொள்வது வழக்கம், அதில் சண்டை வேண்டாம். நாம் காசு கொடுத்து மாற்றும்போது பழசு நம்முடையது. எடுத்துக்கொள்வதானால் அதற்கொரு விலை போட்டுப் பில்லில் கழிக்கட்டும். ஒரு கம்ப்ரஸருக்குள் இருக்கும் செம்புக்கே காயலான் கடையில் காசு உண்டு. எங்கள் வீட்டில் மோட்டாரோ கம்ப்ரஸரோ எடைக்குப் போவதற்கு முன்னால், அதன் லேபிளை நான் ஆணியால் நன்றாகக் கீறிவிடுவது வழக்கம். இவர் கேலி செய்வார், செய்யட்டும்.