நிலையாக வாழாதவர்க்கு நிவாரணம் இல்லையா?

மேய்ச்சலையும் நீரையும் நாடி இடம் பெயர்ந்துகொண்டே வாழும் ஜனங்களிடையே க்ஷயரோகத்தைக் கண்டுபிடிப்பது கடினம், குணப்படுத்துவதோ அசாத்தியம், ஆகையால் அவர்களை ஓரிடத்தில் குடியமர்த்திய பிறகே வைத்தியத்தைப் பற்றி யோசிக்க வேண்டும் என்னும் அபிப்பிராயம், அதிகாரிகளிடத்தில் மட்டுமன்றி நல்லெண்ணம் படைத்த வைத்தியர்களிடத்தும் வேரூன்றிக் கிடக்கிறது. நியாயம் போலத் தொனிக்கும் இவ்வபிப்பிராயம் அனுபவத்துக்கு முரணானது என்பதோடு, நிர்வாகத்தின் சோம்பலுக்குச் சமாதானமாகவும் பயன்படுகிறது என்பதே என் கட்சி.

எதிர்தரப்பாரின் வாதத்தில் வலுவான பகுதி ஒன்று உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. இந்நோய்க்குரிய மருந்துகளை வழக்கமாக ஆறு மாதம் இடைவிடாது உட்கொள்ள வேண்டும். இருமலும் ஜுரமும் தணிந்து உடம்பு தேறிவிட்டதாகத் தோன்றும் இரண்டாம் மாதத்திலேயே நிறுத்திவிட்டால், எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாகித் திரும்பவும் தலைதூக்கக்கூடும். ஆனால் இதிலிருந்து பெறப்படுவது, மருந்து தவறாமல் நோயாளியைச் சென்றடைய வழி காண வேண்டும் என்பதேயன்றி, நோயாளி தம் ஜீவனமுறையைத் துறக்க வேண்டும் என்பதன்று.

சானடோரியத்தில் படுக்க வைத்தாலன்றி க்ஷயம் தீராது, நெருக்கமான ஏழை வீடுகளில் வைத்து வைத்தியம் பார்த்தால் குடும்பத்தார்க்கும் தொற்றிவிடும் என்று நிபுணர்கள் சாதித்த காலமும் ஒன்று இருந்தது. 1956இல் சென்னையில் தோன்றிய க்ஷயரோக ஆராய்ச்சி நிலையம், நோயாளிகளில் ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மற்றொரு சாராரை வீட்டிலும் வைத்து ஓராண்டு மருந்து கொடுத்து ஒப்பிட்டு, வீட்டு வைத்தியம் பலனிற் குறைந்ததல்ல, உறவினர்க்கு அதனால் அதிக அபாயமும் இல்லை என்று 1959இல் வெளியிட்டபோது, அந்தச் சித்தாந்தம் சரிந்தது.

நாடோடிகளைப் பற்றிய சித்தாந்தமும் அவ்வாறே சரிந்திருக்க வேண்டும். கெனியாவின் வறண்ட வடகிழக்கிலுள்ள வஜீரில், கால்நடை மேய்க்கும் சோமாலியர்களிடையே உலக சுகாதார ஸ்தாபனத்தின் சோதனைத் திட்டமொன்றை 1976இல் ஏற்று நடத்திய அன்னலேனா தொனெல்லி வைத்தியரல்லர். சட்டம் பயின்ற இத்தாலியப் பெண்மணி. அவர் நோயாளிகளுக்குக் கட்டில் தேடாமல், ஊனமுற்றோர் மறுவாழ்வு நிலையத்துக்கு எதிரே கிடந்த வெற்று நிலத்தில் வந்து தங்கும்படி அழைத்தார். ஒட்டக முதுகிலிருந்து கழிகளும் பாய்களும் இறங்கின. எங்கும் போடும் குடிசையே அங்கும் எழுந்தது. அன்றாட மருந்தை ஊழியர் கண்ணெதிரே உட்கொண்டு, காலம் முடிந்ததும் குடிசையைப் பிரித்துக்கொண்டு மந்தையிடம் திரும்பினர்.

அவர்களும் ஓரிடத்தில் தங்கத்தானே நேர்ந்தது என்று கேட்பார் கேட்கலாம். வறட்சிக் காலத்தில் கிணறுகளை அண்டித் தங்குவதும், இளைஞர் ஒட்டகங்களைத் தொலைவுக்கு ஓட்டிச் செல்ல, பெண்டிரும் பிள்ளைகளும் ஆடுகளோடு அருகே இருப்பதும் அவர்கள் வழக்கமே. வஜீரில் நடந்தது அவ்வாழ்க்கைக்குள் அடங்கிய ஒரு தங்கல். குடியமர்த்தலோ மந்தையை இழந்து பஞ்சைகளாய் நிற்கச் செய்வது.

கண்டுபிடிப்பதிலும் குறை நாடோடிகளுடையதன்று. சளியை இன்று கொடு, முடிவுக்கு அடுத்த வாரம் வா என்றால், அதற்குள் வேறு திசையில் மழை பெய்து கூடாரம் பெயர்ந்திருக்கும். ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும் ஜீன் எக்ஸ்பெர்ட் பரிசோதனைக்கு உலக சுகாதார ஸ்தாபனம் 2010இலேயே அங்கீகாரம் அளித்துவிட்டது. வண்டியில் ஏற்றி, கோடையில் ஜனங்கள் கூடும் கிணற்றடிக்கே கொண்டுபோகக் கூடிய அந்த யந்திரத்தைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் பூட்டி வைத்துக்கொண்டு, நோயாளி வரவில்லையே என்று அங்கலாய்ப்பதில் என்ன நியாயம்?

அடுத்த கோடையில் எந்தக் கிணறு, மழைக்குப் பின் எந்த மேய்ச்சல், யார் மூலம் சொல்லி அனுப்புவது என்பனவற்றையும் பதிவேட்டில் குறித்து, எல்லைக்கு அப்பாலுள்ள வைத்தியசாலையும் அதே சிகிச்சை அட்டையை ஏற்று மருந்து தரும்படி ஏற்பாடு செய்ய வேண்டும். இவ்வளவையும் செய்து பார்த்துத் தோற்ற நிர்வாகம் எதுவேனும் இருந்தால், அது முன்வந்து நாடோடிகளின் பொறுப்பின்மையைப் பற்றிப் பேசட்டும்; மற்றவர்களுக்கு அந்த யோக்கியதை இல்லை.