பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

ஆம்பூர் பிரியாணியைப் புகழாதவர் உண்டா? அங்கே பாலாற்றங்கரையில் பல கிணறுகள் உப்புக் கரிப்பதை யார் பேசுகிறார்கள்? எல்லாம் தோல் பதனிடும் கழிவின் கைங்கரியம். உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடி சொல்ல வேண்டி வந்தது.

நடுவில் 2014-ல், கழிவுநீரை ஆன்லைனில் கண்காணிக்கும் கருவி வைக்கச் சொன்னது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். சந்தோஷம். ஆனால் கருவி இருப்பது ஆலைக்குள்ளேயே!

'ஆற்றோரம் சூரிய ஒளியில் தானே சார்ஜ் ஏற்றிக்கொள்ளும் வயர்லெஸ் சென்ஸார் போட்டால் போச்சு' என்பீர்கள். போடலாம். அதைக் கெடுக்கப் பெரிய ஹேக்கர் வேண்டாம் சார். சோலார் பலகை மேல் ஒரு கோணியைப் போட்டால் பட்டினியில் படுத்துவிடும். ஓயாமல் பொய் சிக்னல் அனுப்பித் தூங்கவிடாமல் செய்தால் பாட்டரி காலி. ஒரு வாளி நல்ல தண்ணீரில் முக்கி வைத்தால், ஆறே சுத்தம்! ஆஸ்திரேலியாவின் மரூச்சியில் 2000-ல் ஒரே ஆள் ரேடியோக் கருவியை வைத்துக்கொண்டு சுமார் 8 லட்சம் லிட்டர் சாக்கடையைத் திறந்துவிட்டான்.

எனவே, சென்ஸார் மௌனமானால் 'கோளாறு' என்று எழுதி மூடாதீர்கள், குற்றமாக விசாரியுங்கள். அது சொல்லும் எண்ணை ஊர் நடுவில் போர்டில் காட்டுங்கள். பொய் சொன்னால், உப்புக் கிணற்றில் இறைக்கிறவளுக்கு உடனே தெரிந்துவிடும். அவளை ஹேக் செய்ய முடியாது.