முன் பிரேக் மேல என்ன கோபம் பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். காலேஜுக்கு பைக்ல போறீங்க. ஃபர்ஸ்ட் ஹவர் அட்டெண்டன்ஸ் கவலை வேற. திடீர்னு ஒரு கார் குறுக்கே வந்து நிக்குது. உங்க உடம்புல முதல்ல வேலை செய்யறது எது? கையா, காலா?

'கால்'னு சொன்னவங்க கை தூக்குங்க. அட, முக்கால்வாசி கிளாஸும் தூக்கியாச்சு! உங்க மேல தப்பில்லை. நமக்கு வண்டி ஓட்டக் கத்துக்கொடுத்த மாமாவோ, அண்ணனோ சொன்ன முதல் பாடமே, 'முன் பிரேக்கைத் தொடாதே, பல்டி அடிச்சிடுவே' என்பதுதான். சின்ன வயசுல சைக்கிள்ல குப்புற விழுந்த ஞாபகமும் சேர்ந்துகிட்டு, அது வேதவாக்காவே ஆகிப்போச்சு.

அந்த வேதவாக்கை இந்த வாரம் கொஞ்சம் உரசிப் பார்த்துடலாம். விளையாட்டு விஷயமில்லை இது. 2022-ம் வருஷம் மட்டும் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் டூவீலர்ல போனவங்க.

டவுன் பஸ் பாடம்

ஃபுட்போர்டுக்கு மேலே ஏறி, பஸ் உள்ளே நின்னு பார்த்திருக்கீங்களா? டிரைவர் சடன் பிரேக் போட்டா மொத்தக் கூட்டமும் முன்னாடி சாயும். பைக்கிலும் அதே கதைதான். பிரேக் பிடிச்ச உடனே வண்டி எடை, உங்க எடை, பின்னாடி உட்கார்ந்திருக்கிற நண்பனோட எடை எல்லாம் முன் சக்கரத்து மேல சாயுது. ரோட்டுல நல்லா அழுந்துற டயருக்குத்தான் பிடிப்பு அதிகம். அதனால வண்டியை நிறுத்தற வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குக்குத்தான். அந்த நேரம் பின் சக்கரம் லேசாகிடும். அதை மட்டும் ஓங்கி மிதிச்சா லாக் ஆகி, வால் ஆட்டிக்கிட்டே ஸ்கிட் அடிக்கும். கம்பெனிக்காரங்க பெரிய டிஸ்க்கை முன்னாடி மாட்டறது அழகுக்கா?

அப்போ பல்டி? முன் பிரேக்கைச் சட்டுனு வெட்டி இழுத்தா ஆபத்துதான். தப்பு பிரேக் மேல இல்லை, பிடிக்கிற விதத்துல. எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி பிடிக்கணும். முதல்ல மெதுவா, எடை முன்னாடி வந்ததும் அழுத்தமா. கூடவே பின் பிரேக்கும் லேசா.

கார்க்காரர் வில்லன் இல்லை

'கண்ணு தெரியலையாய்யா?'னு கார்க்காரரைத் திட்டாதவர் நம்மில் யார்? உண்மையிலேயே பல நேரம் அவருக்கு நாம் தெரியறதில்லை. முன் கண்ணாடியின் ரெண்டு ஓரத்துலயும் இருக்கிற தூண் ஒரு முழு பைக்கையே மறைச்சிடும். பக்கவாட்டுல பின்னால வர்ற வண்டி, சைடு மிரர்ல சிக்காத இடமும் உண்டு. போதாததுக்கு பைக் ஒல்லி. ஒல்லியான பொருள் தூரத்துல இருக்கிற மாதிரியும், மெதுவா வர்ற மாதிரியும் தோணும். 2017 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த டூவீலர்களில் பகல்லயும் ஹெட்லைட் எரியுதே, இதுக்குத்தான்.

அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் என்கிற பேராசிரியர் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தில் 900 பைக் விபத்துகளை நேரில் போய் ஆராய்ஞ்சு 1981-ல அறிக்கை கொடுத்தது. வேற வண்டியோட மோதினதில் மூணுல ரெண்டு பங்கு, அந்த வண்டிக்காரர் பைக்குக்கு விடவேண்டிய வழியை விடாததால் நடந்தது. பெரும்பாலும் அவர் பைக்கைக் கவனிக்கவே இல்லை. ஆபத்து தெரிஞ்சதும் பைக்காரருக்குக் கிடைச்ச நேரம் சராசரியா ரெண்டு செகண்டுக்கும் கொஞ்சம் குறைவு! அந்த நேரத்துல பெரும்பாலானவங்க பின் பிரேக்கை ஓங்கி மிதிச்சு ஸ்கிட் ஆனாங்க. முன் பிரேக்கைப் போதுமான அளவு பிடிக்கலை. அமெரிக்கா போனாலும் அதே மாமாதான் போல!

ரெண்டு பிட்ச் கணக்கு

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகம்னா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். கண் பார்த்து, மூளை புரிஞ்சு, கை பிரேக்குக்குப் போக ஒரு செகண்டுன்னு வைங்க. காய்ஞ்ச ரோட்டுல ரெண்டு பிரேக்கும் ஒழுங்கா பிடிச்சா, அதுக்கு மேல 23 மீட்டர். மொத்தம் 40 மீட்டர். அதாவது ரெண்டு கிரிக்கெட் பிட்ச். அதே 40-ல வந்திருந்தா? சுமார் 21 மீட்டர், ஒரே பிட்ச்.

இன்னும் பயங்கரம் கேளுங்க. 40-ல வந்தவர் முழுசா நின்னுட்ட அந்த இடத்தை, 60-ல வந்தவர் 50-க்கும் மேல வேகத்தோட கடப்பார். அங்கே ஒரு கார் நின்னா... வேணாம், நீங்களே கற்பனை பண்ணிக்குங்க.

'என் வண்டியில ஏபிஎஸ் இருக்கே'ங்கிறீங்களா? சந்தோஷம். 2019 ஏப்ரல்ல இருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கு அது கட்டாயமாச்சு. ஆனா சக்கரம் லாக் ஆகாமப் பார்த்துக்கிறதுதான் அதோட வேலை. பிரேக் பிடிக்க வேண்டியது நீங்கதான். அப்பாவோட பழைய பைக்கை ஓட்டறவங்களுக்கு அதுவும் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை ஹோம் ஒர்க்

ஆபத்து வந்தா உடம்பு பழகினதைத்தான் செய்யும், படிச்சதைச் செய்யாது. அதனால ஹெல்மெட் மாட்டிக்கிட்டு, ஆள் இல்லாத, மண் இல்லாத இடத்துக்குப் போங்க. 20 கிலோமீட்டர் வேகம். ஹேண்டில்பார் நேரா, பார்வை தூரமா. பிழிஞ்சு நிறுத்துங்க. பத்து தடவை. கை பழகினதும் 30. முன் சக்கரம் வழுக்கற மாதிரி தெரிஞ்சா உடனே லீவரை விட்டு மறுபடி பிடிங்க. ஸ்கூட்டர் ஓட்டற தோழிகளே, உங்களுக்கு ரெண்டு பிரேக்கும் கையிலதான். வலது கை முன் பிரேக், மறக்காதீங்க.

திங்கட்கிழமை ரோட்டுல:

* யு டர்ன், பெட்ரோல் பங்க், காலேஜ் கேட் பக்கம் வந்தா ரெண்டு விரல் முன் பிரேக் மேல ரெடியா இருக்கட்டும். பாதி செகண்ட் மிச்சமானாலும் 60-ல அது எட்டு மீட்டர்.

* திரும்பப் போற காரோட இண்டிகேட்டரை நம்பாதீங்க, முன் சக்கரத்தைப் பாருங்க. சக்கரம் பொய் சொல்லாது.

* கார் மிரர்ல டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியலைன்னா, நீங்களும் அவருக்குத் தெரியலை.

* வரிசையா நிக்கிற கார்களை ஒட்டிப் போகாதீங்க. எந்தக் கதவு எப்போ திறக்கும்னு யாருக்குத் தெரியும்?

* மழை, மணல், வளைவு இந்த மூணு இடத்துலயும் வேகத்தை முன்கூட்டியே குறைச்சிடுங்க. வழுக்கற இடத்துல பிரேக்கை நம்பிப் பிரயோஜனமில்லை.

கார்க்காரர் உங்களைப் பார்க்கணும்னு எதிர்பார்க்கறது நியாயம்தான். ஆனா மோதிட்டா கார் ஷெட்டுக்குப் போகும், நீங்க ஆஸ்பத்திரிக்குப் போவீங்க. நியாயம் யார் பக்கம்னு அங்கே யாரும் கேட்க மாட்டாங்க. அதனால 'அவர் பார்க்கலை'ன்னே வெச்சுக்கிட்டு ஓட்டுங்க.

ஃபர்ஸ்ட் ஹவர் போனா போகட்டும் பாஸ். செகண்ட் ஹவருக்கு முழுசா வந்து சேருங்க!