கருமாதிக்குப் பிறகு

1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டின் எயார் விமானம், கட்டுநாயக்கவில் இறங்க வேண்டிய நேரத்தில் சப்தகன்னி மலையில் மோதியது. யாத்திரிகர்கள் 182 பேர், பணியாளர்கள் 9 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. அந்த விமானத்தின் டயர் ஒன்று இன்றும் நோட்டன் பிரிட்ஜில் இருக்கிறது. நினைவுச்சின்னமும் உண்டு. சுற்றுலா வருகிறவர்கள் வாகனத்தை நிறுத்திப் படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

மோதிய மலையைச் சுற்றி வாழ்ந்தவர்கள் அந்த ஆண்டு எப்படி இருந்தார்கள் என்பதை அந்த டயர் சொல்லாது. 1973, 74 பஞ்ச காலம். கூப்பன் அரிசியும் மாவும் சுருங்கி, தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு ஒதுக்கியிருந்தது. அந்த ஒப்பந்தம் முடிவு செய்யாமல் விட்டிருந்த 1,50,000 பேரையும் 1974 ஜனவரியில் இரண்டு அரசுகளும் பாதிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு. இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்களை ஏற்றிச் சென்ற ரயிலுக்குச் சனங்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி.

ஒரே இரவில் விழுகிற துக்கம் எல்லோர் கண்ணிலும் படும். ஆண்டுக்கணக்கில் கசிகிற துக்கத்துக்குப் பக்கத்துக் காம்பராவே பழகிப்போகும். மலையகத்தில் கிறிஸ்தவ இரக்கத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தப் பழக்கத்தைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும் என்று நினைக்கிறேன். திடீர்த் துக்கத்தில் நம் சபைகள் குறை வைப்பதில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் இலங்கையில் 600க்கும் மேற்பட்டோரைக் கொன்றபோதும் பார்சல்கள் வந்தன, ஜெபங்கள் நடந்தன. ஆனால் 2014 அக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடிய பிறகு, பிழைத்தவர்களுக்குப் புது வீடு கிடைக்க ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் ஆயின. பார்சல் அத்தனை காலம் வராது.

பெருவிபத்தை விடுங்கள். ஒரு சாதாரணச் சாவை எடுத்துக்கொள்வோம். தப்புச் சத்தம் கேட்டதும் லயமே திரண்டுவிடும். மரணச் சங்கத்துப் பணம், யாரோ போட்டுத் தருகிற தேத்தண்ணி, கூடப் படுத்துக்கொள்ள வருகிற அக்காமார் என்று கருமாதி வரைக்கும் இறந்தவரின் மனைவி தனியாக இருப்பதில்லை. கருமாதி முடிந்த மறுநாள் வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குப் போயாக வேண்டும். 2024 செப்டம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாயானது. கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம். அழுத நாளுக்குப் பேர் கிடையாது. முதுகு வலிக்கும் அப்படித்தான். தோட்டத்து மருந்தகத்தில் இரண்டு பனடோல் கொடுப்பார்கள், மறுபடி மலைக்கு.

இந்த இடத்தில் போதகர் வந்து விளக்கம் சொல்லத் தொடங்கினால் காரியம் கெட்டுவிடும். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதுவரை நல்லவர்கள். வாயைத் திறந்த பிறகுதான் அவனுக்குப் பாரமானார்கள். பிறவிக் குருடனைக் காட்டி, இவன் செய்த பாவமா, பெற்றவர் செய்த பாவமா என்று சீடர்கள் கேட்டபோது இயேசு அந்தக் கேள்வியையே தள்ளிவிட்டார். ஆனாலும் மகனைப் பறிகொடுத்த தாயிடம் ஆண்டவரின் சித்தம் என்று சொல்கிற பழக்கம் நம்மிடம் போகவில்லை. அதைவிட மோசமானது, ஆறுதலோடு சேர்த்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அழைப்பும் வைத்துவிட்டு வருவது. பெரும்பாலும் இந்துக்கள் வாழ்கிற லயங்களில் அந்த ஆறுதல் விலைச்சீட்டோடு வருவதாகவே படும். படுவதில் பிழையும் இல்லை.

லூக்கா சொல்லும் நல்ல சமாரியன் கதையில் எண்ணெய் வார்த்துக் கட்டுப்போட்ட பகுதியைத்தான் பிரசங்கங்களில் அதிகம் கேட்கிறோம். அடிபட்டவனின் மதத்தை அவன் விசாரிக்கவில்லை என்பதும், மறுநாள் சத்திரக்காரனிடம் இரண்டு பணம் கொடுத்து, செலவு கூடினால் திரும்பி வரும்போது தருவதாகச் சொல்லிப் போனான் என்பதும் அந்தக் கதையிலேயே இருக்கின்றன. நம்மிடம் விட்டுப்போவது அந்தத் திரும்பி வரும் பகுதி. லண்டனில் 1967இல் புனித கிறிஸ்தோபர் நல்வாழ்வகத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், சாகக் கிடப்பவரின் வலியில் உடம்போடு மனமும் குடும்பமும் பணக்கவலையும் விசுவாசமும் கலந்திருக்கின்றன என்றார். வலி வந்த பிறகு மருந்து தேடக்கூடாது, நேரம் பார்த்து முன்கூட்டியே கொடுக்க வேண்டும் என்பது அவருடைய நடைமுறை. பக்தியுள்ள கிறிஸ்தவர்; ஆனால் இரக்கத்தை ஒரு தொழில்திறமையாகக் கற்றுக்கொண்டவர். இங்கே கண்டியில் 1972இல் சத்தியோதயத்தை நிறுவிய இயேசு சபைக் குரு போல் கெஸ்பர்ஸும், தோட்ட மக்களின் கண்ணீரைக் குடியுரிமையிலிருந்தும் சம்பளத்திலிருந்தும் பிரித்துப் பார்க்கவில்லை.

ஒவ்வொரு சபையும் ஒரு குறிப்பேடு வைக்கலாம். இறந்தவர் பெயர், லயம், கருமாதி முடிந்த திகதி. மதத்துக்குக் கட்டம் போட வேண்டாம். அந்தத் திகதியிலிருந்து ஒரு மாதத்தில், மூன்று மாதத்தில், வருடத்தில் யாராவது போய்வர வேண்டும். கேட்டாலொழிய வேதாகமத்தைத் திறக்கவும் வேண்டாம். பெரும்பாலும் அங்கே காத்திருப்பது காகித வேலை: மரணச் சான்றிதழ், இறந்தவரின் சேமலாப நிதிப் படிவம், பெயரில் ஓரெழுத்து மாறியதால் திரும்பி வந்த விண்ணப்பம். பிரதேச செயலகத்துக்கு இறந்தவர் வீட்டு அம்மாவோடு பஸ்ஸில் போய்வரச் சிங்களம் எழுதத் தெரிந்த ஓர் இளைஞன் போதும். அவனுக்கும் அன்றைக்கு ஒரு நாள் சம்பளம் போகும். அதைச் சபை கொடுக்கலாம்.